பெல்ட்டின் கடைசி அரை முழம்

பானஸ்வாடி ரிங் ரோட்டில்
வெயிலுக்கு முகம் காட்டி நின்ற முப்பது கார்களில்
இது ஒன்றில் மட்டும்
கண்ணாடியில் பிள்ளையார் ஒட்டியிருந்தார்.
"டாக்டர் ஓட்டின வண்டி மேடம், ஒரே கை."
கன்னடத்தில் ஆரம்பித்த குணசீலன்
நான் வாய் திறந்ததும் தமிழுக்குத் தாவினார்.
"அட, நம்ம ஊரா!
நம்பரப் பாருங்க, தமிழ்நாடு.
நம்ம ஊர் வண்டி
நம்ம ஊர் ஆளுக்குத்தான்னு எழுதியிருக்கு.
ஒங்களுக்கு வேற விலை."

வேற விலை
மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இரவு வேலை.
விடிகாலை மூன்று மணிக்கு
ஆட்டோக்காரரிடம் கெஞ்சாமல் வீடு சேர
அது ஒன்றும் அதிகமில்லை என்று
கணக்குப் போட்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள்
ஹெப்பால் மேம்பாலத்தின் முதுகில் மூச்சு நின்றது.
ஜன்னல் தானாக இறங்கியது.
மழையே இல்லாமல் வைப்பர் ஆடியது.
பின்னால் நின்ற பெங்களூர் மொத்தமும்
ஹாரனில் என் வம்சத்தை விசாரித்தது.

லிங்கராஜபுரம் இம்தியாஸ்
பானெட்டைத் திறக்கவே இல்லை.
சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்.
இழுத்தார், இழுத்தார்,
யாரும் இழுத்துப் பார்க்காத தூரம் வரை.
கடைசி அரை முழத்தில் ஒரு பழுப்புக் கோடு,
பொங்கி வடிந்த பால்
பாத்திரத்தில் காய்ந்தது போல.
"நீரு" என்றார்.
அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

விரிப்புக்கு அடியில் வண்டல்.
வண்டலுக்குள் ஒரு மருந்துக்கடை ரசீது.
மை கரைந்து
முடிச்சூர் மட்டும் மிச்சம்.
குணசீலன் பொய் சொல்லவில்லை.
நம்ம ஊர் வண்டிதான்.
நம்ம ஊர் வெள்ளத்தையும் சேர்த்தே
விற்றிருக்கிறார்.

முதல் சனிக்கிழமை டீ கொடுத்தார்,
சர்க்கரை அளவு கேட்டு.
அடுத்த சனிக்கிழமை
"பாஸ் திருப்பதி போயிருக்காரு."
போன வாரம் வரை
அவரேதான் பாஸ்.
அப்புறம் ஒருநாள் ஃபைலைப் பிரித்து
என் கையெழுத்தின் மேல் விரல் வைத்தார்:
'உள்ளது உள்ளபடி ஏற்கிறேன்.'
உள்ளது இருந்தது குணசீலன்.
உள்ளபடி சொல்லத்தான் ஆளில்லை.
இது பஸ் ஏறிய பிறகு தோன்றிய பதில்.
அங்கே சொன்னது
"சரி, யோசிச்சு சொல்லுங்க."

நான்காம் முறை சண்டை போடவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஊசி குத்தும்போது நடுங்காத கை
மடியில் சும்மா இருந்தது.
வெள்ளைக் காரைச் சுற்றிவந்த புதுத் தம்பதியிடம்
"பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க" என்றேன்,
நேரம் சொல்வது போல.
இழுத்துப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.
பிறகு ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.
பிறகு இரண்டு கல்லூரிப் பையன்கள்.
வெள்ளைக் கார் யோக்கியமானதாகவும் இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.

மதியம் சாப்பிடாமலே
கால்குலேட்டரோடு வந்தார் குணசீலன்.
"இருபதாயிரம் புடிச்சுக்கறேன்.
மிச்சம் இப்பவே கையில.
ஒண்ணே ஒண்ணு,
இனிமே நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது."

நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினேன்.
போட்ட கையெழுத்தில்
இந்த முறை எழுத்து எழுத்தாக என் பெயர் இருந்தது.

நான் கிளம்பும்போது
ஒரு பையன் அதற்கு நுரை போட்டுக்கொண்டிருந்தான்.
வெளியே தொங்கிய பெல்ட்டை விட்டான்.
சர்ரென்று உள்ளே போனது,
சொல்ல வந்ததை விழுங்கும் நாக்கு.

பைக்கிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது.
சின்னவள் ஓடிப்போய்
கண்ணாடிப் பிள்ளையாரைத் தொட்டாள்.
"எந்த ஊரு சார் நீங்க?"
பின்னால் குணசீலனின் குரல்.

பையை மார்போடு அணைத்துக்கொண்டு
ஆட்டோவுக்குக் கை நீட்டினேன்.
மீட்டருக்கு மேல் நூறு கேட்டான்.
நான் பேரம் பேசவில்லை.